மாற்று மின்சுற்றுப் பலகையும் மூலபாட நம்பகமும்: ஆப்பிள் டிஸ்க் 2 நெகிழ்வட்டு இயக்கியின் மறுசீரமைப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கணினியின் தொடக்கக் காலப் பனுவல்கள் பல பிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டுகளில் உள்ளன. அவற்றைப் படிக்கும் இயக்கிகளின் மின்சுற்றுப் பலகைகள் பழுதுற்றுவரும் நிலையில், புதிதாக வடிவமைக்கப்பட்ட மாற்றுப் பலகைகளைப் பொருத்தி அவற்றை இயங்கச் செய்வது வழக்கமாகிவருகிறது. 1978இல் வெளிவந்த ஆப்பிள் டிஸ்க் 2 இயக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பலகையின் பணிகள், பழுதுறும் முறை, மாற்றும் வழிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பலகையை மாற்றினால் வட்டிலிருந்து பெறும் பாடம் மாறுமா என்னும் வினாவைச் சுவடிப்பதிப்பு நெறிகளோடு ஒப்பிட்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நெகிழ்வட்டு, டிஸ்க் 2, மாற்று மின்சுற்றுப் பலகை, மூலபாட ஆய்வு, பாடவேறுபாடு, எண்ணிமப் பாதுகாப்பு.

1. முன்னுரை

ஓலைச்சுவடி சிதைந்திருப்பினும் கற்றவர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் படிக்க முடியும். எழுத்துக்கும் கண்ணுக்கும் இடையே கருவி ஏதும் தேவைப்படுவதில்லை. நெகிழ்வட்டின் நிலை வேறு. அதன் மேற்பரப்பை உருப்பெருக்கியால் நோக்கினும் ஓர் எழுத்தும் தென்படாது. காந்தப்புலத்தின் திசை மாற்றங்களாக அதில் பதிந்துள்ள பனுவலை அதற்கென அமைந்த இயக்கி ஒன்றே மீட்டுத் தரும். ஆகவே நெகிழ்வட்டைப் பொறுத்தவரை சுவடியைக் காப்பது என்பது சுவடியைப் படிக்கும் கருவியையும் சேர்த்துக் காப்பதாகும்.

எண்ணிமப் பனுவல்களின் பருப்பொருள் தன்மையை மேலைநாட்டு மூலபாட ஆய்வாளர்கள் ஏற்கெனவே வலியுறுத்தியுள்ளனர். மேத்யூ கிர்ஷன்பாம் 2008இல் வெளியிட்ட ‘மெக்கானிசம்ஸ்’ என்னும் நூல் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. வில்லியம் கிப்சன் 1992இல் வெளியிட்ட ‘அக்ரிப்பா’ என்னும் கவிதையை அந்நூல் விரிவாக ஆராய்கிறது. ஒருமுறை திரையில் ஓடியதும் தன்னைத் தானே படிக்க இயலாததாக ஆக்கிக்கொள்ளும்படி நெகிழ்வட்டில் அமைக்கப்பட்ட கவிதை அது. அத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் வட்டையே நோக்கின. வட்டைப் படிக்கும் இயக்கியின் உள்ளமைப்பு, குறிப்பாக அதன் மின்சுற்றுப் பலகை, பாடத்தின் மீது கொண்டுள்ள செல்வாக்கைத் தமிழ்ப் பதிப்பியல் மரபு வழங்கும் கருத்துகளோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. டிஸ்க் 2 இயக்கியின் அமைப்பு

ஐபிஎம் நிறுவனம் 1971இல் 8 அங்குல நெகிழ்வட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் 1976இல் 5¼ அங்குல வட்டுக்குரிய எஸ்ஏ-400 இயக்கியை வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனத்திற்காக ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த டிஸ்க் 2 இந்த ஷுகார்ட் இயக்கியின் எந்திரப் பகுதியை அடிப்படையாகக் கொண்டது. ஷுகார்ட் நிறுவனத்தின் மின்சுற்றுகளில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, தம் எளிய பலகை ஒன்றை வோஸ்னியாக் அதில் அமைத்தார். வட்டைக் கட்டுப்படுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு கணினியின் மென்பொருளுக்கு மாற்றப்பட்டது. இதனால் இயக்கியின் விலை குறைந்தது.

வட்டு நிமிடத்திற்கு 300 சுற்றுகள் சுழலும். ஒரு சுற்றுக்கு 200 மில்லிவினாடி ஆகும். ஒரு பிட்டுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 4 மைக்ரோ வினாடி. எனவே ஒரு தடத்தின் ஒரு சுற்றில் ஏறத்தாழ 50,000 பிட்டுகள் வாசிப்புத்தலையின் கீழ் கடந்து செல்லும். வட்டில் 35 தடங்கள் உள்ளன. தொடக்கத்தில் ஒரு தடத்திற்கு 13 பகுதிகள் இருந்தன. ஒவ்வொரு பகுதியிலும் 256 பைட்டுகள் அடங்கின. 1980இல் வந்த டாஸ் 3.3 பகுதிகளின் எண்ணிக்கையை 16 ஆக்கியது. இதனால் வட்டின் கொள்ளளவு 1,16,480 பைட்டுகளிலிருந்து 1,43,360 பைட்டுகளாக உயர்ந்தது.

இவ்வுயர்வு வட்டின் தரத்தால் வந்ததன்று. குறியீட்டு முறையின் மாற்றத்தால் வந்தது. வட்டில் 1 என்னும் பிட் காந்தத் திசை மாற்றமாகவும், 0 என்னும் பிட் மாற்றமின்மையாகவும் பதிகிறது. பழைய முறையில் இரு சுழிகள் அடுத்தடுத்து வருவதற்கு இடமில்லை. அவ்விதிக்கு உட்பட்ட 32 குறிகளைக் கொண்டு ஒரு வட்டு பைட்டில் 5 பிட்டுத் தரவைப் பதிக்க முடிந்தது. புதிய முறை இரு சுழிகள் அடுத்தடுத்து வருவதை ஒரு வரம்புக்குள் ஏற்றது. அதனால் 64 குறிகள் கிடைத்தன. ஒரு வட்டு பைட்டில் 6 பிட்டுத் தரவு அடங்கியது. மூன்று சுழிகள் தொடர்ந்து வருவதை இரு முறைகளும் ஏற்கவில்லை. இவ்விலக்கு பின்னர் ஆராயவுள்ள சிக்கலுக்கு அடிப்படையாகும்.

3. மின்சுற்றுப் பலகையின் பணிகள்

இயக்கியின் மேற்புறத்தில் அமைந்துள்ள பலகை நான்கு பணிகளைச் செய்கிறது. முதலாவது, வாசிப்புத்தலையைத் தடம் விட்டுத் தடம் நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு மின்னோட்டம் வழங்குதல். இதற்கு யூஎல்என்2003 என்னும் சில்லு பயன்படுகிறது. இரண்டாவது, எழுதும்பொழுது தலைக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தருதல். மூன்றாவது, கணினிக்கும் இயக்கிக்கும் இடையே செல்லும் குறிப்புகளைத் தாங்கி அனுப்புதல். இதனை 74எல்எஸ்125 என்னும் சில்லு செய்கிறது. நான்காவது, தலையில் தோன்றும் சில மில்லிவோல்ட் அளவிலான மின்னழுத்தத்தைப் பெருக்கி, அதன் உச்சங்களைக் கண்டறிந்து, ஒவ்வோர் உச்சத்திற்கும் ஒரு துடிப்பு வெளியிடுதல். இப்பணி எம்சி3470 என்னும் சில்லுக்குரியது.

முதல் மூன்று பணிகளும் ஏவல் பணிகள். நான்காவது பணி பொருள்கோள் பணி. அலையாக வரும் மின்னழுத்தத்தில் எது உச்சம், எது இரைச்சல் என்று முடிவு செய்வது எம்சி3470. வட்டின் பனுவல் ‘எழுத்து’ என்னும் நிலையை முதன்முதலாக எய்துவது இங்குத்தான். இதற்கு முன்னர் உள்ளவை தொடர்ச்சியான அலைகள். இதற்குப் பின்னர் உள்ளவை எண்ணத்தக்க துடிப்புகள்.

4. பழுதுகளும் காரணங்களும்

இயக்கியின் பழுதுகளை எந்திரப் பழுது, மின்சுற்றுப் பழுது என இரண்டாகப் பகுக்கலாம். சுழற்சியைக் கடத்தும் பட்டை தளர்தல், தலை நகரும் தண்டின் மசகு இறுகுதல், தலைக்கு எதிரே வட்டை அழுத்தும் மென்பஞ்சு தேய்தல் ஆகியன எந்திரப் பழுதுகள். இவற்றைத் துப்புரவு செய்தும் உதிரி உறுப்புகளை மாற்றியும் சீராக்கலாம்.

மின்சுற்றுப் பழுதுகளில் மிகவும் அறியப்பட்டது மனிதக் கையால் நேர்வது. டிஸ்க் 2 இயக்கியின் பட்டைக் கம்பிவடம் 20 ஊசிகளின் மீது செருகப்படுவது. அதைத் தவறாகச் செருகுவதைத் தடுக்கும் அமைப்பு கட்டுப்பாட்டு அட்டையில் இல்லை. ஓர் ஊசி தள்ளிச் செருகி மின்சாரம் தந்தால், 5 வோல்ட்டில் இயங்கும் சுற்றுக்குள் 12 வோல்ட் பாயும். பெரும்பாலும் முதலில் கருகுவது 74எல்எஸ்125 சில்லு. சில வேளைகளில் பலகையின் செப்புத்தடமும் எரிந்துவிடும். இதனோடு மின்தேக்கிகளின் முதுமை, செருகு முனைகளில் படியும் துரு, பற்றாசு இணைப்புகளில் தோன்றும் நுண்வெடிப்பு ஆகியனவும் சேர்கின்றன.

யூஎல்என்2003, 74எல்எஸ்125 ஆகிய சில்லுகளை இன்றும் எளிதில் வாங்கலாம். எம்சி3470 உற்பத்தியில் இல்லை. பழைய இருப்பிலிருந்தோ பிற பழைய இயக்கிகளிலிருந்து கழற்றியோதான் அதைப் பெற வேண்டும். மாற்றுப் பலகையின் வடிவமைப்பு இவ்வொரு சில்லைச் சுற்றியே முடிவாகிறது.

5. மாற்றும் வழிகள்

பழுதுற்ற இயக்கியை மீண்டும் பயன்படுத்த நான்கு வழிகள் உள்ளன.

அ) பழைய பலகையிலேயே பழுதான உறுப்பை மட்டும் மாற்றுதல். இது சிதைந்த ஓலையின் விளிம்பைச் செப்பனிடுவது போன்றது. மூலப்பொருள் மிகுதியும் எஞ்சும். பலகையின் செப்புத்தடங்கள் எரிந்திருந்தால் இவ்வழி பயன்படாது.

ஆ) பழைய சுற்றையே அப்படியே படியெடுத்த புதிய பலகை. சுற்று வரைபடத்தைக் கணினியில் மீள வரைந்து, சிறு எண்ணிக்கையில் பலகைகளை அச்சிட்டுத் தரும் ஆலைகளிடம் கொடுத்துச் செய்விப்பது இன்று எளிது. புதிய பலகையில் பழைய எம்சி3470 சில்லு தாங்கியில் பொருத்தப்படும். பலகை புதிது, பாடத்தை முடிவு செய்யும் உறுப்பு பழையது.

இ) எம்சி3470 சில்லுக்கு ஈடாக இக்காலப் பெருக்கிகளையும் ஒப்பீட்டுச் சுற்றுகளையும் கொண்டு அமைக்கும் புதிய பலகை. இதில் வாசிக்கும் உறுப்பே மாறிவிடுகிறது.

ஈ) இயக்கியையே நீக்கிவிட்டு, நினைவட்டையிலுள்ள கோப்பை வட்டாகக் காட்டும் போலச்செய் கருவியைப் பொருத்துதல். கோடெக், ஃபிளாப்பி எமு முதலியன இவ்வகையின. பழைய கணினியை இயக்குவதற்கு இவை பெரிதும் உதவும். ஆயின் பழைய வட்டைப் படிக்க இவற்றால் இயலாது. ஏற்கெனவே படியெடுக்கப்பட்ட பனுவலையே இவை காட்டும்.

நான்காம் வழியும் முதல் மூன்று வழிகளும் ‘மறுசீரமைப்பு’ என்னும் ஒரே பெயரால் குறிக்கப்படுவது குழப்பம் தருகிறது. கணினியைக் காப்பவருக்கு நான்காம் வழி போதும். பனுவலைக் காப்பவருக்கு முதல் மூன்றில் ஒன்று இன்றியமையாதது. இவ்வேறுபாட்டை உணராமல் பழைய இயக்கிகளைக் கழித்துவிடும் நிறுவனம், படிக்கப்படாத வட்டுகளையும் அவற்றோடு இழக்க நேரிடும்.

6. இல்லாத பிட்டும் இல்லாத புள்ளியும்

பலகையை மாற்றினால் பாடம் மாறுமா? விதிப்படி எழுதப்பட்ட வட்டில் மாறாது. துடிப்புகள் உரிய இடைவெளியில் வரும்; எச்சுற்றும் அவற்றை ஒரே வகையாகப் படிக்கும். பகுதிதோறும் அமைந்த சரிபார்ப்பு எண்ணும் படித்தது சரி என உறுதி செய்யும். சிக்கல் தோன்றுவது விதி மீறப்பட்ட இடத்திலும் காந்தப் பதிவு தேய்ந்த இடத்திலும் ஆகும்.

எம்சி3470 சில்லோடு இயங்கும் வாசிப்புச் சுற்று, வரும் அலை வலிதாக இருப்பின் அதனைப் பின்பற்றும். நெடுநேரம் திசை மாற்றம் ஏதும் வரவில்லையெனில், பின்னணி இரைச்சலையே பெருக்கி, அதில் உச்சங்களைக் ‘கண்டு’ துடிப்புகளை வெளியிடத் தொடங்கும். அதாவது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுழிகள் தொடர்ந்து வரும் இடத்தில், வட்டில் இல்லாத ஒன்றுகளை அது படித்துக் கூறும். அவை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் தோன்றும்.

மென்பொருள் வணிகர்கள் சிலர் இக்குறையைக் காப்புரிமைக் காவலாகப் பயன்படுத்தினர். வட்டின் ஓரிடத்தை வேண்டுமென்றே வெற்றாக விட்டனர். நிரல் அவ்விடத்தை இருமுறை படிக்கும். இரண்டு முறையும் வெவ்வேறு விடை வந்தால் அது மூலவட்டு. ஒரே விடை வந்தால் அது படி. படியெடுக்கும் நிரல், தான் ஒருமுறை கண்ட துடிப்புகளை நிலையான பாடமாக எழுதிவிடுவதால் அகப்பட்டுக்கொள்ளும். இங்கு நிலையின்மையே மூலத்தின் அடையாளம். இரைச்சலை வடிகட்டும் சிறந்த மாற்றுப் பலகை ஒன்று இவ்விடத்தை இருமுறையும் வெற்றிடமாகவே படிக்குமாயின், மூலவட்டையே போலி என்று நிரல் தள்ளிவிடும். கருவி மேம்பட்டதால் பனுவல் திறவாமற் போவது இதன் விளைவாகும்.

சுவடிப்பதிப்பில் இதற்கு ஒப்பான நிலை உண்டு. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றி எழுதப்பட்டன. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும், ரகரத்திற்கும் காலுக்குமான வேறுபாடும் பல சுவடிகளில் காட்டப்படவில்லை. புள்ளியில்லாத இடத்தில் புள்ளியை வைத்துப் படிப்பவர் வாசகரே. அவர் கொண்ட இலக்கணப் பயிற்சியும் யாப்பறிவும் அப்புள்ளியைத் தருகின்றன. வெவ்வேறு வாசகர் வெவ்வேறாகப் புள்ளி வைத்ததால் தோன்றிய பாடவேறுபாடுகளைப் பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் பதிவு செய்தனர். தாம் கொண்ட பாடம் எது, தள்ளிய பாடம் எது, எச்சுவடியில் எது காணப்பட்டது என்று தெரிவிப்பது நல்ல பதிப்பின் இலக்கணமாயிற்று.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். புள்ளியை இட்டு வாசிப்பவர் பொருள் உணர்ந்து இடுகிறார். சில்லு பொருள் உணராது இடுகிறது. ஆயினும் ‘ஏட்டில் உள்ளது இது, வாசிப்பில் சேர்ந்தது இது’ எனப் பிரித்துக் காட்டும் கடமை இரு நிலையிலும் ஒன்றே. ஆப்பிள் வட்டுகளைப் படியெடுக்கும் ஆப்பிள்சாஸ் என்னும் கருவியோடு தோன்றிய ‘வோஸ்’ என்னும் கோப்பு வடிவம் இக்கடமையை ஏற்றுள்ளது. அது வெற்றிடத்தை வெற்றிடமாகவே பதிகிறது. எம்சி3470 சில்லின் நிலையின்மையை, அக்கோப்பை இயக்கும் போலச்செய் மென்பொருள் தன் பக்கத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று அவ்வடிவத்தின் வரையறை கூறுகிறது. மூலமும் வாசிப்பும் இவ்வாறு தனித்தனியே நிற்கின்றன.

7. மறுசீரமைப்பில் கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறை நெறிகளை வகுக்கலாம்.

முதலாவது, புதிய பலகை பொருத்திய இயக்கியில் அரிய வட்டை உடனே இடலாகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கம்பிவடத்தைச் செருகி, ஊசிகள் நேராக அமைந்துள்ளனவா என்று நோக்க வேண்டும். வட்டின்றி இயக்கி 5 வோல்ட், 12 வோல்ட் அழுத்தங்களை அளந்து, பின்னர் இழந்தாலும் கவலையில்லாத வட்டொன்றால் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, வாசிப்புத்தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். முதிர்ந்த வட்டில் காந்தத் துகளைப் பிணைக்கும் பசை தளர்ந்து துகள் உதிரும். உதிர்ந்த துகள் தலையில் படிந்து அடுத்த வட்டைக் கீறும். கீறப்பட்ட தடத்தை எப்பலகையாலும் மீட்க இயலாது. ஆகவே ஒவ்வொரு வட்டுக்குப் பின்னும் தலையை ஆராய்வது தேவை. பூஞ்சை படர்ந்த வட்டுகளைத் தூய்மை செய்யாமல் இயக்கியில் இடுதல் கூடாது.

மூன்றாவது, சுழல்வேகத்தை 300 சுற்றுக்குச் சரிசெய்ய வேண்டும். மோட்டார்ப் பலகையிலுள்ள சிறு திருகு இதற்கு உதவும். சுழல்சக்கரத்தில் அச்சிட்ட கோடுகள், மின்வழங்கலின் அதிர்வெண்ணுக்கு ஏற்பக் குழல்விளக்கொளியில் அசையாது நிற்பதுபோல் தோன்றினால் வேகம் சரி.

நான்காவது, தலையின் இருப்பிடம் பற்றியது. வட்டை எழுதிய இயக்கியின் தலை சற்று விலகியிருந்திருப்பின், தடமும் விலகியே பதிந்திருக்கும். செம்மையாகச் சீரமைக்கப்பட்ட இயக்கி அத்தடத்தின் ஓரத்தை மட்டுமே படிக்கும். அந்நிலையில் படிக்கும் தலையை எழுதிய தலையின் விலகலுக்கு ஏற்ப நகர்த்துவது முறையாகும். ஏடெழுதியவரின் கையெழுத்துப் பழக்கத்தை அறிந்து படிப்பதை இது ஒக்கும்.

ஐந்தாவது, படிப்பதற்கென ஒதுக்கிய இயக்கியில் எழுதும் வழியை முற்றிலும் துண்டித்துவிடுவது நல்லது. புதிய பலகையை வடிவமைப்பவர் இதற்கென ஓர் இணைப்பை எளிதில் அமைக்கலாம்.

ஆறாவது, ஒரு தடத்தைப் பல சுற்றுகள் படித்து, காந்தத் திசை மாற்றங்களின் இடைவெளிகளையே பதிவு செய்ய வேண்டும். பகுதிகளின் தரவை மட்டும் எடுத்தால் ஐயத்துக்குரிய இடங்கள் மறைந்துபோகும்.

ஏழாவது, கழற்றிய பழைய பலகையை எறியாது பெயரிட்டுக் காக்க வேண்டும். படிக்கோப்பின் விவரக் குறிப்பில் இயக்கி, பலகையின் வகை, வாசிப்புச் சில்லு, படித்த சுற்றுகளின் எண்ணிக்கை, ஐயத்துக்குரிய தடங்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். இக்குறிப்பு பதிப்பு முன்னுரையில் இடம்பெறும் சுவடி விளக்கத்திற்கு இணையானது.

8. தமிழ்ப் பனுவல்களுக்குரிய பொருத்தம்

டிஸ்க் 2 அமெரிக்கத் தனிநபர் கணினி வரலாற்றைச் சார்ந்தது. தமிழ்ப் பனுவல்கள் பெரும்பாலும் பிற்காலத்து ஐபிஎம் வழிக் கணினிகளிலும் மெக்கின்டாஷ் கணினிகளிலும் தட்டெழுதப்பட்டு, 5¼ அங்குல, 3½ அங்குல வட்டுகளில் சேமிக்கப்பட்டன. அவ்வியக்கிகளின் சில்லுகளும் குறியீட்டு முறையும் வேறு. எனினும் வாசிப்புச் சுற்று ஒரு பொருள்கோளாளன் என்னும் முடிபு அவற்றுக்கும் பொருந்தும்.

தமிழ் வட்டுகளில் இரண்டாம் படிநிலை ஒன்றும் உண்டு. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடமிருந்தும், அது பரவலான புழக்கத்திற்கு வரும்வரை முரசு, மயிலை முதலிய பல்வேறு எழுத்துருக் குறியீடுகளில் தமிழ் எழுதப்பட்டது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் ஆகிய குறியீடுகளைத் தரப்படுத்தியது. எனவே வட்டிலிருந்து பைட்டுகளைச் சரியாகப் பெற்ற பின்னரும், அவை எக்குறியீட்டைச் சார்ந்தவை என அறிந்தாலன்றி எழுத்து தோன்றாது. ஒரு பிட் தவறினால் ஆங்கிலப் பனுவலில் ஓர் எழுத்து மாறும். தமிழில் ஓர் உயிர்க்குறி பிறிதொன்றாகவோ, புள்ளி பெற்ற மெய் உயிர்மெய்யாகவோ மாறி, பொருள் தரும் வேறொரு சொல்லாகவே நின்றுவிடக்கூடும். பொருள் தராத பிழையைக் கண் காணும். பொருள் தரும் பிழை பாடமாகவே ஏற்கப்பட்டுவிடும்.

அச்சேறாத கையெழுத்துப்படிகள், அகராதிக் குறிப்புகள், ஆய்வேடுகள் ஆகியவற்றின் ஒரே படி நெகிழ்வட்டில் இருக்குமாயின், அவ்வட்டு தனிச்சுவடியின் தகுதி உடையது. ஒப்பிட வேறு படி இல்லாத நிலையில் வாசிக்கும் கருவியின் நம்பகமே பாடத்தின் நம்பகமாகும்.

9. முடிவுரை

நெகிழ்வட்டு இயக்கியின் மின்சுற்றுப் பலகையை மாற்றுவது தேவையான பணி. வாசிப்புச் சில்லின் உற்பத்தி நின்றுவிட்டமையால் காலப்போக்கில் தவிர்க்க இயலாததும் ஆகும். பழைய சுற்றைப் படியெடுத்த பலகை, பழைய வாசிப்புச் சில்லோடு பொருத்தப்படும்பொழுது மூல இயக்கியின் வாசிப்பைப் பேணுகிறது. வாசிப்புச் சுற்றையே மாற்றிய பலகை, தேய்ந்த வட்டுகளை ஒருவேளை மேலும் நன்றாகப் படிக்கலாம். ஆனால் அது புதிய வாசகர். இரண்டையும் பயன்படுத்தி, கிடைத்த வாசிப்புகளை ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்துவைப்பதே தக்க முறை. சோனி நிறுவனம் 2011இல் ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. எஞ்சியுள்ள வட்டுகளின் காந்தப் பதிவும் ஆண்டுதோறும் வலுவிழந்துவருகிறது. தமிழ்த்துறைகளும் நூலகங்களும் தம்மிடமுள்ள வட்டுகளைக் கணக்கெடுத்து, படிக்கும் நிலையிலுள்ள இயக்கிகளை அவற்றோடு சேர்த்துப் பேணுவது உடனடித் தேவையாகும்.